பிரேசிலுக்கு நான்கெல்லை

பொன்னமராவதி பத்திர ஆபீஸுக்கு எதிர்வரிசையில் ஏழு கடைகள் இருக்கின்றன. நாலாவது என்னுடையது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். கடையின் முன்பாதியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அழகி அக்கா, பத்திர எழுத்தர். அவர் கையால் எழுதிக் கொடுப்பார், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. என் பெயர் சாமியா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மாமியார் சொல்வார். அழகி அக்காவைப் பற்றிச் சொல்ல வாய் நீளமாக இருப்பதுதான் தோது, ஏனென்றால் அவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

பத்திரம் எழுதுவதில் எல்லோரும் பெரிதாக நினைப்பது விலையையும் பெயரையும். அழகி அக்காவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அவருக்கு உயிர் நான்கெல்லையில் இருக்கிறது. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, ஊருணிக் கரைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள நிலம் என்று ஒவ்வொரு பத்திரத்திலும் வருமே, அதுதான். மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். எல்லையில் இருக்கிற ஆள் செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், அவன் பேரன் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போயிருப்பான், ஆனாலும் பத்திரத்தில் அந்தச் செத்தவன்தான் காவல் நிற்பான். அழகி அக்கா மட்டும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். வெயிலாவது மழையாவது.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. பச்சைப் பத்திரத்தாளில் அழகான கையெழுத்து. வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"தென் அமெரிக்கா கண்டம், பிரேசில் என்கிற சொத்துக்கு நான்கெல்லை விவரம்: வெனிசுவேலா, கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானாவுக்குத் தெற்கு. கொலம்பியா, பெரு, பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினாவுக்குக் கிழக்கு. உருகுவேக்கு வடக்கு. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேற்கு. இதன் மத்தியில் உள்ள நிலம் பூராவும். சிலிக்கும் ஈக்வடாருக்கும் மேற்படி சொத்தோடு எல்லைச் சம்பந்தம் எதுவும் இல்லை."

வந்த புதிதில் நானும் சிரித்தேன். "என்னக்கா, பிரேசிலை யாருக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளுக்காக எழுதி வச்சிருக்கேன்," என்றார். "வருவாரு. வராமப் போக மாட்டாரு."

சும்மா இருந்த நேரத்தில் விரலை வைத்து விளக்கமும் சொல்லியிருக்கிறார். பிரேசிலைத் தொட்டு நிற்கிற இடம் பத்து. அதில் ஏழு நாட்டுக்காரர்கள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். நடுவில் பிரேசில் ஒன்றுதான் போர்ச்சுகீஸ். "ஏழு பேரு ஒரே பாஷை பேசிக்கிட்டுச் சுத்தி நிக்கிறான் பாரு. இவன் ஒத்தையா நின்னு பாதிக் கண்டத்தைப் புடிச்சு வச்சிருக்கான்," என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், ஏதோ அவர் வீட்டுப் பிள்ளை போல. "கண்டத்துல ஸ்பானிஷ் பேசுறது ஒம்பது நாடு. ரெண்டு மட்டும் இவனைத் தொடல. சிலி மலைக்கு அங்கிட்டு கடலோரமா ஒடுங்கிக் கெடக்கு. ஈக்வடார் இருக்கே, அது தொடுற மாதிரிதான் தெரியும். ஆனா பெருவும் கொலம்பியாவும் குறுக்க கையக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஈக்வடார்க்காரன் இவங்க முதுகைத்தான் பாக்கணும்."

எனக்கு எதற்கு இதெல்லாம் என்று அப்போது தோன்றியது. போன ஆனி மாதம் அந்த ஆள் வந்தபோதுதான் புரிந்தது.

எழுபத்தொன்பது வயது. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் குடை. கூடவே மகள். பெயர் கண்ணுசாமி என்றும், ரிட்டயர்டு வாத்தியார் என்றும் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் நிலத்தை ஒரே மகள் கார்த்திகாவுக்கு செட்டில்மெண்ட் எழுத வேண்டும். அவள் கோயம்புத்தூரை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து அங்கே வீடு கட்டப் போகிறாள்.

அழகி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். பேனா மூடியைக் கழற்றிய கை மட்டும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அந்த மனுஷருக்கு இவர் யார் என்று தெரியவில்லை. தெரியாதுதானே? அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

"இந்தாம்மா, இது 1961-ல எங்கப்பா வாங்கின பத்திரம். இதுல உள்ளபடி எழுது. ஒரு எழுத்து மாறக் கூடாது," என்றார்.

அக்கா அதை மெதுவாகப் படித்தார். எல்லை விவரத்தில் விரல் நின்றது.

"சார், கிழக்க வண்டிப்பாதைன்னு போட்ருக்கு."

"ஆமா."

"ஒங்க வரப்புக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவுல வேற யாரு நிலமும் இல்லைங்களா? ஒருக்கா எடத்தைப் போய்ப் பாத்துட்டு, சர்வேயர் அளந்து வரைஞ்ச புலப்படமும் எடுத்துப் பாத்துட்டு எழுதுவமா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் ஒலகத்துல உள்ள எல்லையெல்லாம் சொல்லிக் குடுத்தவன்மா நான். என் வயலுக்கு நீ எனக்கு எல்லை சொல்ல வாரியா? எழுது."

"எழுதுறேன் சார்," என்றார் அழகி அக்கா.

வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள். அக்கா அவர் சொன்னபடியே எழுதி என்னிடம் நீட்டினார். 'வண்டிப்பாதைக்கு மேற்கு.' நீட்டும்போது சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "யாருக்கா அந்தாளு?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னார். எதிர்க்கடையில் டீ வாங்கி வைத்தது ஆறிப் போகும் வரை சொன்னார்.

1995, மாசி மாதம். அழகி அக்கா ஒன்பதாம் வகுப்பு. அவர் அப்பா முனியசாமி, அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மகளுக்கோ புவியியல் என்றால் பைத்தியம். டீச்சராக வேண்டும், அதுவும் மேப்பை மாட்டிப் பாடம் நடத்துகிற டீச்சராக வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. புதுக்கோட்டையில் மாவட்ட அளவில் வினாடி வினா. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும். தேர்வு வைத்தவர் கண்ணுசாமி சார். கடைசியில் நின்றது இரண்டு பேர். ஒன்று அழகி, இன்னொன்று சாருடைய மகள் கார்த்திகா. கடைசிக் கேள்வி: பிரேசிலோடு எல்லை இல்லாத தென் அமெரிக்க நாடுகள் எத்தனை?

கார்த்திகா "ஒண்ணு, சிலி" என்றாள். அழகி "ரெண்டு, சிலி, ஈக்வடார்" என்றார்.

"ஒண்ணுதான்," என்றார் சார். அவரிடம் இருந்தது அவர் படித்த காலத்துப் பழைய புத்தகம். ஈக்வடார் ஒரு காலத்தில் அமேசான் காடு வரைக்கும் என் நிலம் என்று சொல்லிக்கொண்டு, பிரேசிலைத் தொடுகிற மாதிரி படம் போட்டிருந்த நாடு. பெரு இல்லை என்றது. சண்டை போட்டு, 1942-ல் ஒப்பந்தம் போட்டு, பிறகும் சண்டை. பிறகு நான் போனில் தேடிப் பார்த்தேன். அக்கா அடி வாங்கிய அதே மாசியில்தான் அந்த இரண்டு நாடும் காட்டுக்குள் சுட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. 1998-ல்தான் எல்லாம் முடிந்து கையெழுத்தானது, அதுவும் பிரேசிலில் உட்கார்ந்து.

அழகி அக்கா சும்மா இருக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மேப்பில் விரலை வைத்தார். "இங்கன பாருங்க சார், தொடல. பெருவும் கொலம்பியாவும் நடுவுல இருக்கு."

சார் பார்க்கவே இல்லை. மேப்பைக் கழற்றிச் சுருட்டினார். அதன் கீழே கோத்திருக்கும் கட்டை இருக்கிறதே, அதாலேயே அடித்தார். முழங்கையில் இரண்டு, முதுகில் மூன்று. அடித்துவிட்டுச் சொன்னார்: "ஒங்கப்பனுக்கு எல்லை எதுன்னு தெரியுமா ஒனக்கு? மொதல்ல அதைச் சொல்லு. அப்பறம் பிரேசிலுக்குச் சொல்லலாம்."

வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் வாத்தியார் சிரித்தால் சிரிக்கும். அழகி அக்கா அழுதுகொண்டே ஏதோ முணுமுணுத்திருக்கிறார். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்றாராம் சார். அது அவர் வாயில் எப்போதும் கிடக்கும் வார்த்தை.

"அடிச்சது கூடப் பரவாயில்ல சாமியா," என்றார் அக்கா. "தெரியாமப் பேசுனாரு, தெரியாம அடிச்சாரு, போகட்டும். ஆனா மறுநாள் காலையில போய்ப் பாத்தா மேப்பு இல்ல. ஆணி மட்டும் இருக்கு. ராத்திரி வீட்டுல பாத்துருக்காரு. அவருக்குத் தெரிஞ்சுருச்சு. தெரிஞ்சும், ஒரு வார்த்தை சொல்லாம மேப்பை ஒளிச்சு வச்சுட்டு அவரு மகளை அனுப்பிட்டாரு. அதைத்தான் என்னால விட முடியல."

அதற்குப் பிறகு அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் கால் வைக்கவில்லை. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதினார். டீச்சர் கனவு அந்த ஆணியிலேயே தொங்கிப் போனது. இங்கே ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதப் போனார், பிறகு தானே உரிமம் வாங்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எல்லை எழுதுகிறார். அவர் அப்பாவுக்கு எல்லை எது என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் குத்தியபடியே இருந்திருக்கிறது.

"அவரு வாயால சொல்லணும்," என்றார். "நான் சொன்னது சரின்னு, தெரிஞ்சுதான் மறைச்சேன்னு, நாலு பேரு கேக்க அவரு வாயால சொல்லணும். அதுக்குத்தான் இந்த மேசையில ஒக்காந்துருக்கேன்."

"சரிக்கா, அந்தக் கிழக்கு எல்லை என்ன கதை?"

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்துப் போட்டார். கண்ணுசாமி சார் வரப்புக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. மூன்றே முக்கால் சென்ட். திருப்பதி என்பவருடைய குடும்பப் பங்கு. அறுப்பு நாளில் எல்லோரும் அதன் மேலேயே வண்டியை ஓட்டி ஓட்டி, ஊரே அதையும் பாதை என்று நினைத்துவிட்டது. 1961-ல் பத்திரம் எழுதியவரும் அப்படியே நினைத்து எழுதிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு திருப்பதி அதை விற்க வந்தபோது, அழகி அக்கா புலப்படத்தைப் பார்த்தார். பக்கத்து நிலம் யாருடையது என்பதையும் பார்த்தார். வேறு யாருக்கும் போக விடாமல் தானே வாங்கிவிட்டார். தன் பெயரில் இல்லை. அப்பா முனியசாமி பெயரில்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "யா அல்லாஹ்! அப்ப அந்தாளு நெலம் ஈக்வடாரு! நடுவுல கையக் கோத்துக்கிட்டு நிக்கிறது நம்ம அப்பா!"

"ஆமா," என்றார் அக்கா. "பாதையைத் தொடுறதா நெனைச்சுக்கிட்டு இருக்காரு. தொடல."

மூன்று நாளும் எனக்கு அதே நினைப்புதான். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. பத்திரம் பதிவாகட்டும். வீடு கட்டச் செங்கல் லாரி வரட்டும். முனியசாமி அப்பா முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டு நிற்கட்டும். கண்ணுசாமி சார் குடையைப் பிடித்துக்கொண்டு லாரி டிரைவரிடம் கெஞ்சட்டும். நடந்து பழகிய பாதை என்று கோர்ட்டுக்குப் போவாரா, போகட்டும். கேஸ் முடிய இருபது வருஷம் ஆகும், அவருக்கு வயது எழுபத்தொன்பது. அக்காவும் அதைத்தான் நினைத்திருந்தார். "நான் கேட்டேன்ல? எடத்தைப் பாப்பமான்னு கேட்டேன். வேணாம்னாரு. நீங்க சொன்னபடிதான் எழுதினேன் சார்னு சொல்லுவேன்," என்றார். அதில் பிசகு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் கார்த்திகா மட்டும் முன்னால் வந்தாள், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க. நான் மெஷினில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மேசைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நீ அழகிதானே?"

அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"அந்த மேப்பு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு அழகி. அன்னைக்கு ராத்திரி அப்பா அதை விரிச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. நானும் பாத்தேன். வெளிய சொல்லாதேன்னாரு. புதுக்கோட்டையில மொத ரவுண்ட்லயே வெளிய வந்துட்டேன். மேடையில ஒன் மொகம்தான் தெரிஞ்சுச்சு. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்," என்றார் அக்கா.

கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவளைத் தேற்றவில்லை, தண்ணீர் குடி என்று கூடச் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த பத்திரத்தை எடுத்து, எல்லை விவரம் இருந்த பக்கத்தைக் கிழித்தார்.

"என்னக்கா!" என்று கத்தினேன்.

"லாரி வந்தா முள்ளு இவ காலுலதான குத்தும். எனக்கு வேண்டியது இவ இல்ல," என்றார். "கிழக்கு எல்லையைச் சரியா அடி. அடிச்சுட்டு மூணு காப்பி எடு."

அரை மணி நேரத்தில் கண்ணுசாமி சார் சாட்சிகளோடு வந்தார். அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு, எங்கள் கடைவாசலில் டோக்கன் வைத்துக்கொண்டு பதினைந்து பேராவது நின்றார்கள். பத்திரத்தை எழுதிக் கொடுக்கிறவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எப்போதும் அக்காதான் வாசிப்பார்.

"எனக்குக் கண்ணு சரியில்ல சார். நீங்களே வாசிங்க," என்று கொடுத்தார்.

வாத்தியாருக்கு வாசிக்கச் சொன்னால் கசக்குமா? கணீரென்று ஆரம்பித்தார். பெயர், விலாசம், புல எண் எல்லாம் வந்தது. எல்லைக்கு வந்தார். "கிழக்கே முனியசாமி..." நிறுத்தினார். "யாரு இந்த முனியசாமி? வண்டிப்பாதை எங்க? ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"முனியசாமி எங்கப்பா," என்றார் அக்கா. புலப்படத்தை விரித்து வைத்தார். பக்கத்தில் அப்பாவுடைய பத்திரத்தை வைத்தார். "நீங்க மேப்பு பாக்கத் தெரிஞ்சவரு. பாருங்க."

அவர் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனுஷருக்கு மேப்பு நன்றாகவே தெரியும். அந்த எட்டடிக் கோட்டை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். குடையைச் சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார். அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஒம்பதாம் வகுப்பு சார். தொண்ணூத்தஞ்சு," என்றார் அக்கா. "ஒங்கப்பனுக்கு எல்லை எதுன்னு கேட்டீங்க. பதில் சொல்ல முப்பது வருஷம் ஆயிருச்சு. எங்கப்பா பத்திரத்துல மேற்கு எல்லையை வாசிங்க."

அவர் உதடு அசைந்தது.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்."

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணுசாமி சார் தாளைத் தூக்கிப் பிடித்தார். "கண்ணுசாமி நிலத்துக்குக் கிழக்கு," என்று சத்தமாக வாசித்தார்.

"எங்கப்பனுக்கு எல்லை யாரு சார்?"

"நான்தாம்மா."

அக்கா மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பச்சைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "பிரேசிலைத் தொடாத நாடு எத்தனை?"

அவர் மகளைப் பார்த்தார். கார்த்திகா, "சொல்லுங்கப்பா," என்றாள்.

"ரெண்டு. சிலி. ஈக்வடார்." பிறகு வேகமாக, "பழைய புத்தகம்மா அது, அந்தப் படத்துல ஈக்வடார்..." என்று ஆரம்பித்தார்.

"புத்தகத்தை விடுங்க சார். அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுச்சா இல்லையா?"

என் ஜெராக்ஸ் மெஷின் காகிதம் தீர்ந்து பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தவில்லை. எனக்கு அந்தப் பதில் வேண்டும்.

"தெரிஞ்சுச்சு," என்றார் கண்ணுசாமி சார்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "என்னப்பா கேஸு இது?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். ஈக்வடார்க்காரனுக்கும் பிரேசில்காரனுக்கும் வரப்புத் தகராறு என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கார்த்திகாதான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப வீட்டுக்குப் பாதை?"

"அது எங்கப்பா எடம். அவருகிட்டதான் கேக்கணும்," என்றார் அக்கா. "நீ போகக் கூடாது. சார் போகணும். நடந்து போயிக் கேக்கணும். சம்மதிச்சா பாதை விட்டுக் குடுக்குறதுக்கும் ஒரு பத்திரம் எழுதி, திங்கக்கெழம ரெண்டையும் சேத்துப் பதிவோம். டோக்கனை மாத்திக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் அடுக்கி வைத்திருந்த வேலையை எல்லாம் போட்டுவிட்டு அக்கா ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். அதைத் தவற விட எனக்கென்ன பைத்தியமா? முனியசாமி அப்பா அந்த எட்டடித் துண்டில் ஆமணக்கும் முருங்கையும் வைத்திருந்தார்; சார் வயல் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது, அவருக்கு அது தெரியாது. வெறுங்காலோடு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். காலை பதினொரு மணி வெயில். கண்ணுசாமி சார் அந்த வண்டிப்பாதையில் தூரத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. குடை இல்லை. வந்து பாதையோரத்தில் நின்றார். அக்கா மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

கேட்பதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் முனியசாமி அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க சார், வாங்க. பாப்பா எல்லாம் சொல்லுச்சு. பாதைதான? இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?" என்றாரே பார்க்கலாம்!

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "ஏம்ப்பா! அவரு கேக்கட்டும்ப்பா! அவரு வாயால கேக்கட்டும்! ஒங்களைத்தான சொன்னாரு அன்னைக்கு!"

"அவரு வெயில்ல நிக்கிறாரு புள்ள," என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர் சொன்னது. ஓரமாக நின்ற இரண்டு ஆமணக்குச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இங்கிட்டு வாங்க என்று சாருக்கு வழிகாட்டினார். சார் அந்த எட்டடியைக் கடந்து தன் வயலுக்குள் போனார், தலையைக் குனிந்தபடியே.

திரும்பி வரும்போது அக்கா ஒரு பள்ளத்தையும் பார்க்காமல் ஓட்டினார். ஸ்கூட்டியைக் கடைவாசலில் நிறுத்திவிட்டு, "கெடுத்துட்டாரு," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பாவோடு இரண்டு நாள் பேச்சு இல்லை. எனக்கும் ஆத்திரம்தான். முப்பது வருஷம் பொத்தி வைத்ததை ஒரு வார்த்தையில் வாரிக் கொடுத்துவிட்டால் யாருக்குத்தான் ஆறும்?

திங்கட்கிழமை பாதைப் பத்திரத்தையும், கூடவே செட்டில்மெண்டை மறுபடியும் அக்கா எழுதித் தந்தார். நான் அடித்துக்கொண்டே வந்து எல்லை விவரத்தில் நின்றுவிட்டேன். பத்திரத்தில் எல்லைக்காரர் பெயர் வெறுமனேதான் வரும். ஜமீன்தாராக இருந்தாலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வேறு மாதிரி எழுதியதில்லை. இந்த இரண்டு பத்திரத்திலும், எங்கெங்கே அப்பா பெயர் வருகிறதோ அங்கெல்லாம், 'முனியசாமி அவர்கள்' என்று இருந்தது. கண்ணுசாமி பெயர் வரும் இடத்தில் கண்ணுசாமி என்று மட்டும் இருந்தது.

"அக்கா, இது..."

"எழுதினபடி அடி. ஒரு எழுத்து மாறக் கூடாது."

அப்பா பாதைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீஸ் வரிசையில் இடம் பிடிக்கப் போய்விட்டார். பிறகு சார் வந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அவராக எடுத்து வாசித்தார். ஒவ்வொரு 'அவர்கள்' வரும்போதும் குரல் ஒரு படி இறங்கியது. முடித்துவிட்டு, "எல்லையில அவர்கள்னு போடுற வழக்கம் இல்லையேம்மா?" என்று கேட்டார்.

"இந்த மேசையில உண்டு சார்," என்றார் அழகி அக்கா.

அவர் தன் பெயர் இருந்த வரியை மறுபடி பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், ஏழு இடத்தில். பேனாவை மூடிவிட்டு, தலையைத் தூக்காமலே, "அப்பாகிட்ட சொல்லும்மா," என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அக்கா கேட்கவும் இல்லை. பத்திரத்தை அடுக்கி கிளிப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அடுத்த டோக்கன் எத்தனை சாமியா?" என்றார்.